எடை கூடுகிறது, மருந்து கூடுகிறதா? மூலிகைப் பயிரும் வளர்ச்சி ஹார்மோன்களும்

நித்தியகல்யாணி இலையைக் காயவைத்து அரை டன் சேர்த்தால் அதிலிருந்து 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கலாம். வின்கிரிஸ்டின் வேண்டுமென்றால் அதே 1 கிராமுக்கு 2 டன் காய்ந்த இலை தேவை. இரண்டுமே புற்றுநோய்க்கான மருந்துகள். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் அறுபது ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. இந்தச் செடியை விருதுநகர், ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மானாவாரியாகப் பயிர் செய்கிறார்கள். ஊரில் பலருக்கு இது சுடுகாட்டு மல்லி. யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கிற செடி.

அரை டன்னுக்கு 1 கிராம் என்ற கணக்கைக் கேட்டதும் யாருக்கும் ஒரு யோசனை வரும். திராட்சைக்கு ஜிப்ரலிக் அமிலம் அடிக்கிறோம், மாமரத்துக்குப் பாக்ளோபூட்ரசால் ஊற்றுகிறோம், பயறுக்கு என்.ஏ.ஏ. தெளிக்கிறோம். மூலிகைச் செடிக்கும் ஏதாவது ஓர் ஊக்கியை அடித்தால் மருந்து இரண்டு மடங்காகாதா?

ஆகலாம், பாதியாகவும் குறையலாம். செடி இரண்டு மடங்கு வளர்ந்து, ஒவ்வோர் இலையிலும் மருந்து நீர்த்துப்போய், கடைசியில் கையில் நிற்பது பழைய அளவாகவே இருக்கவும் கூடும். இந்த மூன்றில் எது நடக்கும் என்பதை ஹார்மோனின் பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஏன் என்பதுதான் விஷயம்.

முதலில், செடியின் வளர்ச்சியையும் பாதுகாப்பையும் நடத்தும் இந்த ஹார்மோன்கள் எப்படிப் பிடிபட்டன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். கதைகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. 1926-இல் குரோசாவா என்ற ஜப்பானியர், தைவானில் நெல் நாற்றைத் தாக்கிய ஒரு பூஞ்சை நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோய் கண்ட நாற்று மற்றவற்றைவிடக் கிடுகிடுவென உயர்ந்து, வெளிறி, மணி பிடிக்காமல் சாய்ந்துவிடும். ஜப்பானிய விவசாயிகள் அதற்கு வைத்திருந்த பெயர் ‘முட்டாள் நாற்று’. பூஞ்சை வளர்ந்த நீரை வடிகட்டி நல்ல நாற்றுக்குக் கொடுத்தாலும் அதுவும் முட்டாளானது. அப்படிக் கிடைத்ததுதான் ஜிப்ரலின். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மூலிகைக்கும் பின்னால் தேவைப்படும்.

செல்களைப் பிரிந்து பெருகத் தூண்டும் சைட்டோகைனினின் கதையில் நம் இளநீர் வருகிறது. 1941-இல் அமெரிக்காவில் வான் ஓவர்பீக்கும் அவரது கூட்டாளிகளும் ஊமத்தையின் மிக இளம் கருக்களைக் குழாயில் வளர்க்கப் படாதபாடு பட்டார்கள். எதைக் கொடுத்தாலும் செத்துப்போன கரு, தேங்காய்த் தண்ணீரைச் சேர்த்ததும் வளர்ந்தது. அதில் என்ன இருக்கிறது என்று தேடிப் போன வழியில், 1955-இல் ஸ்கூக், மில்லர் குழுவுக்கு முதல் சைட்டோகைனின் கிடைத்தது. கிடைத்த இடம் தேங்காய் அல்ல. ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.-வைச் சூடாக்கியதில் உருவான ஒரு பொருள் அது. தேங்காய்த் தண்ணீரில் இயற்கையாகவே சைட்டோகைனின்கள் இருப்பது பிறகு உறுதியானது. நம் இயற்கை விவசாயிகள் தேங்காய்ப்பாலையும் மோரையும் புளிக்கவைத்துத் தெளிக்கும் தேமோர் கரைசலையும், மண்டபம் பக்கத்துக் கடல்பாசிச் சாற்றையும் நினைத்துப் பாருங்கள். கடல்பாசிச் சாற்றில் ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்ரலின் மூன்றும் உண்டு. “நான் ஹார்மோனே தொடுவதில்லை” என்று சொல்கிறவர் வயலிலும் ஹார்மோன் போகத்தான் செய்கிறது. பெயர்தான் வேறு.

பிராசினோலைடு என்ற ஹார்மோனின் கதை வின்பிளாஸ்டினைவிட மோசம். தேனீக்கள் சேர்த்த கடுகினப் பூவின் மகரந்தம் 227 கிலோவை வடித்து, 1979-இல் எடுத்தது வெறும் 4 மில்லிகிராம். ஆக்சின், எத்திலீன், அப்சிசிக் அமிலம் பற்றிப் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகிறது, விட்டுவிடலாம். மூலிகை விஷயத்தில் அதிகம் அடிபடுவது இன்னும் இரண்டு பெயர்கள். ஒன்று சாலிசிலிக் அமிலம், ஆஸ்பிரினின் தாய்ப்பொருள். 1979-இல் புகையிலைச் செடிக்கு ஆஸ்பிரின் கரைசலைக் கொடுத்தபோது அது வைரஸை எதிர்த்து நின்றது என்று ஒயிட் என்பவர் காட்டினார். இன்னொன்று ஜாஸ்மோனேட். 1962-இல் நம்ம பிச்சிப்பூ எண்ணெயிலிருந்து மணப்பொருளாகப் பிரித்தெடுத்தார்கள். மல்லிகை இனத்துப் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது. அது வாசனை மட்டுமல்ல, செடிக்குள் ஓடும் அபாயச் செய்தி என்பது தெரிய இன்னும் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. 1990-இல் ஃபார்மர், ரயான் என்ற இருவர், ஜாஸ்மோனேட்டின் ஒரு வகையான மெத்தில் ஜாஸ்மோனேட் நிறைந்த ஒரு புதர்ச் செடியின் கிளையைத் தக்காளிச் செடியோடு ஒரே மூடிய பெட்டியில் வைத்தார்கள். பூச்சி எதுவும் கடிக்காமலே, வாசனை பட்டதும் தக்காளி இலை பூச்சிகளின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களை உண்டாக்கத் தொடங்கியது.

மூலிகையில் இருக்கும் மருந்து நமக்காக உண்டானதல்ல. நித்தியகல்யாணி இலையில் வின்பிளாஸ்டின் போன்ற ஆல்கலாய்டுகள் அதைத் தின்ன வரும் புழுவுக்கும் பூஞ்சைக்கும் வைத்த விஷம். கண்வலிக்கிழங்கின் கோல்சிசினும் அப்படியே. அந்த விஷத்தை மிகச் சிறிய அளவில் நாம் கடன் வாங்குகிறோம். செடிக்கு வருமானம் ஒன்றுதான், வெயிலிலிருந்து கிடைக்கும் கார்பன். ஒரே சம்பளத்தில் மாடியும் கட்ட வேண்டும், வாசலுக்குக் கம்பிக் கதவும் போட வேண்டும் என்றால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? எது அவசரமோ அதற்குப் பணம் போகும். ஆக்சின், ஜிப்ரலின், சைட்டோகைனின் பெரும்பாலும் மாடி கட்டச் சொல்பவை. ஜாஸ்மோனேட்டும் சாலிசிலிக் அமிலமும் கதவைப் பூட்டச் சொல்பவை.

இந்தப் பங்கீட்டை ஒரே மூலக்கூறில் பார்க்க வேண்டுமானால் வல்லாரைக்குப் போக வேண்டும். வல்லாரையின் மருந்துக்கூறு ஆசியாட்டிகோசைடு. அதைச் செய்ய ஆக்சிடோஸ்குவாலீன் என்ற மூலப்பொருள் வேண்டும். அதே மூலப்பொருளிலிருந்துதான் ஸ்டீரால்களும் வர வேண்டும். ஸ்டீரால் இல்லாமல் புதிய செல்சவ்வு கிடையாது, புதிய செல்லும் கிடையாது. ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடம் இது. மெத்தில் ஜாஸ்மோனேட் கொடுத்தால் மடை மாறுகிறது. ஸ்டீரால் பக்கம் வரத்து குறைந்து, ஆசியாட்டிகோசைடு பக்கம் கூடுகிறது. மருந்து ஏறுகிறது, செடி குட்டையாக நிற்கிறது. கொரிய ஆய்வாளர்கள் இதில் ஒரு தந்திரம் செய்தார்கள். குழாயில் வளர்த்த முழு வல்லாரைச் செடிகளுக்கு ஜாஸ்மோனேட்டோடு, சைட்டோகைனின் போல வேலை செய்யும் தையடையசூரான் என்ற பொருளையும் சிறிதளவு சேர்த்தார்கள். தனியாகக் கொடுத்ததைவிட இரண்டும் சேர்ந்தபோது மொத்த மருந்து கூடியது.

இந்த மடை எங்கே இருக்கிறது என்பதும் இப்போது ஓரளவு தெரியும். சாதாரண நேரத்தில் ஜாஸ் என்ற புரதங்கள், மருந்துக்கூறு செய்யும் மரபணுக்களை முடுக்கும் மிக்2 என்ற புரதத்தைப் பிடித்து அமுக்கி வைத்திருக்கும். புழு கடித்தால் ஜாஸ்மோனேட் பெருகும், ஜாஸ் சிதைக்கப்படும், மிக்2 விடுபடும், விஷத் தொழிற்சாலை ஓடத் தொடங்கும். ஜிப்ரலின் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு பூட்டு. டெல்லா என்ற புரதங்கள் வளர்ச்சியை அமுக்கி வைத்திருக்கின்றன, ஜிப்ரலின் வந்தால் டெல்லா சிதைகிறது. இந்த டெல்லாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது ஜாஸோடு போய் ஒட்டிக்கொள்ளும், அதனால் ஜாஸுக்கு மிக்2-வைப் பிடிக்க நேரமிருக்காது. ஆக, ஜிப்ரலின் அடித்து டெல்லாவைக் கரைத்துவிட்டால் ஜாஸின் கை ஓங்கும், பாதுகாப்பு தளரும். முட்டாள் நாற்று ஏன் உயரமாக வளர்ந்தும் உருப்படாமல் போனது என்பதில் இதற்கும் பங்கிருக்கலாம் என்பது என் ஊகம்.

இதோடு கட்டுரையை முடித்துவிட்டால் அழகாக இருக்கும். வளர்ச்சி ஹார்மோன் மருந்தைக் குறைக்கும், அபாய ஹார்மோன் கூட்டும் என்று ஒரே வரியில் எழுதி மாட்டிவிடலாம். ஆனால் செடி அவ்வளவு ஒழுங்கானதில்லை.

மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் மருந்தைத் தரும் செடியை எடுத்துக்கொள்வோம். துவ் யுயு என்ற சீன அறிவியலாளருக்கு 2015-இல் நோபல் பரிசு வாங்கித் தந்த செடி. ஆர்டிமிசினின் இலை முழுக்க இருப்பதில்லை. இலையின் மேல் இருக்கும் நுண்ணிய சுரப்பி மயிர்களுக்குள்தான் உருவாகிறது, அங்கேயே சேமிக்கப்படுகிறது. அதனால் இங்கே கேள்வியே மாறிவிடுகிறது. தொழிற்சாலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதோடு எத்தனை தொழிற்சாலை இருக்கிறது என்பதும் கணக்கு. இந்தச் செடியில் ஜிப்ரலின் கொடுத்து ஆர்டிமிசினின் கூடியதாகப் பல ஆய்வுகள் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் மருந்தைக் குறைக்கும் என்ற விதி இங்கே எடுபடவில்லை. 2011-இல் வந்த ஓர் ஆய்வு ஜாஸ்மோனேட், ஜிப்ரலின், சைட்டோகைனின் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. மூன்றுமே சுரப்பி மயிர் உருவாவதிலோ முதிர்வதிலோ ஏதோ ஒரு வகையில் உதவின. ஆனால் மயிர் கூடிய இடத்திலெல்லாம் மருந்தும் கூடிவிடவில்லை. கட்டடம் எழுந்தது, எல்லாக் கட்டடத்திலும் எந்திரம் ஓடவில்லை.

நித்தியகல்யாணியில் சிக்கல் இன்னும் ஆழமானது. வின்பிளாஸ்டின் ஒரே துண்டாக உருவாவதில்லை. கதாரந்தின், விண்டோலின் என்ற இரண்டு பாதிகள் சேர்ந்து உண்டாகிறது. செடி இந்த இரண்டையும் தள்ளித்தள்ளி வைத்திருக்கிறது. கதாரந்தின் பெரும்பகுதி இலையின் மேற்பரப்பு மெழுகில், விண்டோலின் இலைக்குள்ளே இருக்கும் தனி வகைச் செல்களில். இரண்டும் சந்திக்கும் வாய்ப்பே குறைவு. அரை டன்னுக்கு 1 கிராம் ஏன் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

1970, 80-களில் உலகம் முழுக்க ஆய்வகங்கள் ஒரு குறுக்கு வழியை நம்பின. செடியை ஏன் வளர்க்க வேண்டும், இலையின் ஒரு துண்டை எடுத்து ஹார்மோன் கலந்த ஊடகத்தில் வைத்தால் செல்கள் கட்டியாகப் பெருகும், அந்தக் கட்டியைத் தொட்டியில் வளர்த்து மருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று. கட்டி பெருக ஆக்சின் வேண்டும். அதற்கு எல்லோரும் எடுத்தது 2,4-டி. நெல் வயலில் அகன்ற இலைக் களையைக் கொல்ல அடிக்கிறார்களே, அதேதான். அதிக அளவில் களைக்கொல்லி, துளி அளவில் செல்பெருக்கி. செல்கள் அருமையாகப் பெருகின. ஆல்கலாய்டுதான் படுத்துவிட்டது. 2,4-டி-யை எடுத்துவிட்டு சைட்டோகைனினைக் கொடுத்தால் சில ஆல்கலாய்டுகள் திரும்பி வந்தன. அஜ்மலிசின் வந்தது, கதாரந்தினும் வந்தது. விண்டோலின் மட்டும் வரவே இல்லை. அதைச் செய்ய இலை வேண்டும், இலைக்குள் அந்தத் தனிச் செல்கள் வேண்டும், வெளிச்சம் வேண்டும். உருவமற்ற கட்டிக்கு இலை என்றால் என்னவென்று தெரியாது.

2000-இல் நெதர்லாந்தின் லைடனில் வான் டெர் ஃபிட்ஸ், மெமெலிங்க் இருவரும் ஆர்கா3 என்ற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். ஜாஸ்மோனேட் வந்தால் நித்தியகல்யாணியில் ஆல்கலாய்டு மரபணுக்கள் பலவற்றை ஒரே சாவியில் திறக்கும் புரதம் இது. சரி, சாவி கிடைத்துவிட்டது, இனி ஆர்கா3-ஐச் செல்லில் ஏற்றிவிட்டால் போதும் என்று தோன்றும். ஏற்றினார்கள். மரபணுக்கள் முடுக்கம் பெற்றன, ஆனால் வெளியிலிருந்து லோகனின் என்ற மூலப்பொருளை ஊட்டிய பிறகுதான் ஆல்கலாய்டு கூடியது. சமையலறையில் ஆளைக் கூட்டினால் போதாது, அரிசியும் வர வேண்டும். ஹார்மோன் தெளிப்பைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனை நினைவுக்கு வரும். ஹார்மோன் கொடுப்பது உத்தரவு மட்டும்தான். உத்தரவை நிறைவேற்றச் செடியிடம் சரக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பட்டினி கிடக்கும் செடிக்கு ஜாஸ்மோனேட் கொடுத்து என்ன ஆகப் போகிறது?

இந்த முரண்பாட்டை நடைமுறையில் தாண்டியவர்கள் தொழிற்சாலைக்காரர்கள். வளர்ச்சியையும் மருந்தையும் ஒரே நேரத்தில் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஜப்பானில் மிட்சுயி நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் ஷிகோனின் என்ற சிவப்பு நிற மருந்துச் சாயத்தைச் செல் வளர்ப்பில் எடுத்தது. வேரில் சிறிதளவு இருக்கும் பொருள், வேர் முதிர ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கியோட்டோவின் தபாத்தா குழு அதற்கு முன்பே ஒன்றைக் கவனித்திருந்தது. 2,4-டி இருந்தால் செல்கள் வெள்ளையாகவே பெருகும், ஷிகோனின் வராது. இயற்கை ஆக்சினான ஐ.ஏ.ஏ. இருந்தால் வரும். இரண்டும் ஆக்சின்தான், ஆனாலும் வேலை வேறு. மிட்சுயி இரண்டு தொட்டி வைத்தது. முதல் தொட்டியில் செல் பெருக வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது தொட்டியின் ஊடகம் வேறு, அங்கே பெருக்கம் நின்று நிறம் ஏறும். அந்தச் சிவப்பு உதட்டுச் சாயமாகக் கடைக்கு வந்தது. செடியின் செல் வளர்ப்பிலிருந்து சந்தைக்கு வந்த முதல் பொருள் அதுதான்.

டாக்சாலுக்கும் இதே வழி. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த இந்தப் புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் 1992-இல் அனுமதி கிடைத்தது. நூறாண்டு மரம் ஒன்றின் பட்டை முழுவதையும் உரித்தால் 3 கிலோ, அதிலிருந்து சுமார் 300 மில்லிகிராம் மருந்து, ஒரு தடவை போடும் ஊசிக்குச் சரியாக இருக்கும். மரம் செத்துப்போகும். 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் யூ செல் வளர்ப்பில் மெத்தில் ஜாஸ்மோனேட் சேர்த்து, லிட்டருக்கு 110 மில்லிகிராம் அளவுக்கு மருந்து எடுத்துக் காட்டினார்கள். மூன்று லிட்டருக்கு ஒரு மரம் மிச்சம். இன்று ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் தொட்டிகளில் யூ செல்களை வளர்த்து இந்த மருந்தை எடுக்கிறார்கள்.

கொரியாவில் ஜின்செங் வேரையும் தொட்டியில்தான் வளர்க்கிறார்கள். வேர் பெருக ஐ.பி.ஏ. என்ற ஆக்சின். வேர் நன்றாகக் கூடிய பிறகு, கடைசிக் கட்டத்தில் மெத்தில் ஜாஸ்மோனேட். முதலிலேயே கொடுத்தால் வேர் நின்றுவிடும். இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. ஜின்செங்கின் மருந்துக்கூறான ஜின்செனோசைடு என்பது ஒரு பொருளல்ல, ஒரு கூட்டம். ஜாஸ்மோனேட் கொடுத்தால் அதில் ஆர்.பி. என்ற வகை மிக அதிகமாகவும் ஆர்.ஜி. வகை கொஞ்சமாகவும் கூடுகிறது. மொத்தம் ஏறியது என்று ஆய்வகச் சீட்டு சொல்லும், உள்ளே இருக்கும் கலவை பழைய கலவை அல்ல. தனிப் பொருளைப் பிரித்து மாத்திரையாக்கும் ஆலைக்கு இது ஒரு பொருட்டில்லை. வேரை அப்படியே சூரணமாகக் கொடுக்கும் மருத்துவத்துக்கு இது பெரிய விஷயம். அதே பெயர், அதே வேர், வேறு மருந்து.

தொட்டியில் நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். வயலில்? அங்கே இன்னொருவர் வந்து நிற்கிறார், தராசோடு.

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் சாந்தாய் என்ற பகுதி, மாய்தோங் என்ற கிழங்கு மூலிகைக்குப் பேர்போனது. இருமலுக்கும் வறட்சிக்கும் சீன மருத்துவத்தில் கொடுப்பார்கள். அங்கே விவசாயிகள் பாக்ளோபூட்ரசாலைப் பெருமளவில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நம்மூரில் மாமரத்தைப் பருவம் தவறிப் பூக்கவைக்க வேரில் ஊற்றுகிறோமே, அதே சரக்கு. இது செடிக்குள் ஜிப்ரலின் உண்டாவதைத் தடுக்கும். இலை குட்டையாகும், மிச்சப்பட்ட உணவு கீழே இறங்கிக் கிழங்கு பருக்கும். விளைச்சல் கூடியது, பார்க்கவும் கொழுகொழுவென்று இருந்தது. சப்போனின், ஃபிளேவனாய்டு போன்ற மருந்துக்கூறுகள் குறைந்திருந்ததை ஆய்வுகள் காட்டின. மண்ணிலும் கிழங்கிலும் எச்சம் தங்குவது தனிக் கவலை.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். மேலே சொன்ன டெல்லா கணக்குப்படி ஜிப்ரலினைத் தடுத்தால் பாதுகாப்புப் பொருள் கூட வேண்டும் அல்லவா? சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையினர் இதே டிரையசோல் குடும்பத்துப் பொருட்களை நித்தியகல்யாணிக்குக் கொடுத்துப் பார்த்தபோது வேரில் அஜ்மலிசின் கூடத்தான் செய்தது. அங்கே கூடியது, மாய்தோங்கில் குறைந்தது. நித்தியகல்யாணியில் அளந்தது வேரின் ஆல்கலாய்டு. மாய்தோங்கில் வேர்க்கிழங்கே சேமிப்புக் கிடங்கு. மாவுச்சத்தும் சர்க்கரையும் வந்து குவிந்தால், மருந்துக்கூறு அதே அளவு இருந்தாலும் சதவீதம் இறங்கிவிடும். பால் அதேதான், தண்ணீர் கூடிவிட்டது. ஒரு செடியில் பார்த்ததை இன்னொரு செடிக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று இத்துறை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதனால் ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள்: கூடியது ஒரு கிராமுக்கா, ஒரு செடிக்கா, ஓர் ஏக்கருக்கா? சும்மா ஒரு கணக்கு. ஏக்கருக்கு 400 கிலோ வேர், அதில் 0.5 சதவீதம் மருந்து என்றால் 2 கிலோ. ஊக்கி அடித்து 600 கிலோ வேர், ஆனால் 0.3 சதவீதம்தான் என்றால் 1.8 கிலோ. விவசாயிக்கு 200 கிலோ லாபம், மருந்து எடுப்பவருக்கு 200 கிராம் நட்டம், கூடவே 200 கிலோ அதிகச் சக்கையை அரைக்கும் செலவு. எதிர்த்திசையிலும் ஏமாறலாம். ‘மருந்து மூன்று மடங்கு’ என்று தலைப்பில் வரும், உள்ளே போனால் செடி பாதியாகக் குறைந்திருக்கும், அதுவும் பூந்தொட்டிச் செடியில், சில வாரங்கள் பார்த்ததாக இருக்கும். இத்தகைய கட்டுரைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. பலவற்றில் ஏக்கர்க் கணக்கே இருக்காது. ஜாஸ்மோனேட் வகையறாவை வயலில் தெளித்துக் கட்டுப்படியாகுமா என்ற பேச்சும் இருக்காது.

திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் அமுக்கராவின் மயிர்வேர் வளர்ப்பில் நடந்த வேலையை இதற்கு விலக்காகச் சொல்வேன். ஒரு மண் பாக்டீரியாவைக் கொண்டு வேரை மட்டும் தனியாக, ஹார்மோன் சேர்க்காமலே குடுவையில் பெருக வைக்கும் முறை அது. வேர் வளர்ந்து முடியும் தறுவாயில் சில மணி நேரம் மட்டும் சாலிசிலிக் அமிலத்தைக் காட்டினார்கள். மெத்தில் ஜாஸ்மோனேட்டைவிட அதுதான் அமுக்கராவின் மருந்துக்கூறான வித்தனோலைடுகளை அதிகம் கூட்டியது. மற்ற செடிகளில் முதலிடம் பிடிக்கும் ஜாஸ்மோனேட் இங்கே இரண்டாமிடம். வேர் எடையையும் சேர்த்தே கணக்குக் காட்டியிருந்தார்கள்.

நம் வயல்களில் ஹார்மோனுக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது, நாற்றங்காலில். மருந்துக் கூர்க்கனைத் தண்டுத் துண்டில் பதியம் போடும்போது நுனியை ஐ.பி.ஏ. தூளில் தொட்டு வைத்தால் வேர் சீக்கிரம் பிடிக்கும். முளைக்க அடம்பிடிக்கும் விதையை ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து விதைக்கலாம். அறுவடைக்குப் பல மாதம் முன்பே செடிக்குள் அதன் தடயம் கரைந்துவிடும், மருந்துக்கூறோடு மோதாது. சிக்கல், அறுவடை செய்யும் உறுப்பையே பருக்கவைக்கத் தெளிப்பதில்தான். சீனா 2022 மார்ச்சில் வெளியிட்ட மூலிகைச் சாகுபடி விதிகளில் எல்லைக் கோட்டை அங்கேதான் போட்டது. அறுவடை உறுப்பின் வளர்ச்சியை மாற்ற வேர்பருக்கி, கிழங்குபருக்கி வகை ஊக்கிகளைப் பயன்படுத்தத் தடை. இந்தியாவில் பாக்ளோபூட்ரசால், ஜிப்ரலிக் அமிலம் போன்றவை 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. எந்தப் பயிருக்கு எவ்வளவு என்று லேபிளில் இருக்கும். மா, திராட்சை, பருத்தி என்று பட்டியல் போகும். அமுக்கராவையும் நித்தியகல்யாணியையும் அதில் தேடிக் களைக்க வேண்டியதுதான்.

இதில் விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் வாங்க வருகிறவர் மூட்டையைத் தராசில் வைக்கிறார், நிறத்தைப் பார்க்கிறார், கையில் ஒடித்துப் பார்க்கிறார், கிலோவுக்கு இவ்வளவு என்கிறார். சதவீதம் பற்றிய பேச்சு ஏற்றுமதி ஒப்பந்தத்தில்தான் வருகிறது. திருநெல்வேலி நிலாவாரை வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறும்போது அதன் மருந்துக்கூறான சென்னோசைடு எத்தனை சதவீதம் என்று சீட்டோடுதான் போகிறது. அதை விளைவித்தவர் பெரும்பாலும் அந்தச் சீட்டைப் பார்த்ததே கிடையாது. எடைக்குப் பணம் கொடுத்தால் எடை விளையும்.

ஊக்கி அடித்துத்தான் பார்க்கப் போகிறேன் என்பவர், வயலில் நான்கு பாத்தியை அடிக்காமல் விட்டுவையுங்கள். அடித்ததில் நான்கு பாத்தியையும் அடிக்காத நான்கையும் ஒரே நாளில் பிடுங்கி, இரண்டையும் தனித்தனியே ஒரே நிழலில் காயவைத்து எடை போடுங்கள். அப்புறம் இரண்டிலும் ஒரு பிடி எடுத்து, பெயர் எழுதாமல் ‘ஒன்று’, ‘இரண்டு’ என்று மட்டும் குறித்து, மருந்துக்கூறு அளக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். வாங்குகிற நிறுவனத்திடம் அந்தச் செலவைக் கேட்டுப் பார்க்கலாம். சீட்டு வந்ததும் எடையையும் சதவீதத்தையும் பெருக்கிப் பாருங்கள்.